கண்டிக்காரங்க கடல் பார்க்கப் போனால்

"அரிப்புக்குப் போவோமா?" என்று எங்க வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டதும் முதலில் வந்த பதில், "அதுக்குக் களிம்பு இருக்கு மச்சான், பாமசியில கேளு." இரண்டாவது பதில் அதைவிட மோசம், இங்கே எழுத முடியாது. மூன்றாவதாக ஒருத்தி மட்டும் மெப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மன்னாருக்குத் தெற்க ஒரு சின்ன ஊரு. கடல், ஒரு ஆறு, ஒரு இடிஞ்ச கட்டடம், அவ்வளவுதான் காட்டுது. அங்க போய் என்னடா செய்யிறது?"

நியாயமான கேள்விதான். கண்டியில் இருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு வழக்கமான இடங்கள் இருக்கின்றன. தொடர்ந்து லீவு வந்தால் திருகோணமலை, நிலாவெளி. கையில் கொஞ்சம் காசு இருந்தால் உனவட்டுன, அறுகம்பே. அந்த ஊர்களில் கிடைக்கிற கேளிக்கை எதுவும் அரிப்பில் கிடையாது. நிழல்கூடக் குறைவு. ஆனால் கண்டிப் பக்கத்துத் தமிழர் ஒருத்தருக்கு இந்தத் தீவில் ஒரேயொரு கடற்கரையைத்தான் காட்டலாம் என்றால் நான் அரிப்பைத்தான் காட்டுவேன். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வரவேண்டும்.

கண்டிக்குக் கடல் இல்லை என்பது வெறும் பூமிசாத்திர விஷயம் இல்லை. ஒருகாலத்தில் அது ஒரு உடன்படிக்கை. 1766 இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கையெழுத்துப் போட வைத்த ஒப்பந்தப்படி தீவைச் சுற்றியிருந்த முழுக் கரையும் அவர்களுடையதாகிவிட்டது. மலைநாட்டுச் சனம் தங்களுக்கு வேண்டிய உப்பைக்கூட ஒல்லாந்தர் சம்மதத்தோடுதான் கரையில் இருந்து எடுத்து வரவேண்டும். இத்தனைக்கும் அந்த மன்னன் நாயக்க வம்சம். சொந்தபந்தம் எல்லாம் மதுரைப் பக்கம். சம்பந்தி வீட்டுக்கும் அரண்மனைக்கும் நடுவில் கிடந்த கடல் மட்டும் இன்னொருத்தன் கையில்.

ஆக, கண்டியில் இருந்து கடலுக்குப் போவது என்றால் அந்தக் காலத்தில் வேறொரு ஆட்சியின் எல்லைக்குள் போவது. அந்த ஒப்பந்தத்துக்கு 87 வருடம் முன்னால் அப்படிப் போன ஒருவர் வந்து சேர்ந்த இடம்தான் அரிப்பு.

ரொபர்ட் நொக்ஸ் என்ற பெயரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய 'ஆன்' என்ற கப்பல் புயலில் பாய்மரம் உடைந்து, அதைச் சரிசெய்ய மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் கப்டனையும் மகனையும் இன்னும் சில மாலுமிகளையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வருடம் 1660. மகனுக்கு வயது 19. அடுத்த வருடமே தகப்பன் செத்துப்போனார். மகன் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி ராச்சியத்துக் கிராமங்களில் வாழ்ந்தான். சிறையில் இல்லை, ஊருக்குள்ளேயே விட்டிருந்தார்கள். தொப்பி பின்னி விற்றான், நெல் கடன் கொடுத்து வட்டி வாங்கினான், சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வியாபாரம் செய்தான். கடைசியாக இருந்தது உடுநுவரவில் எலடத்த. பேராதனையில் இருந்து போனால் கிட்டத்தான். நம்மில் பலபேர் அந்தப் பக்கம் கல்யாண வீட்டுக்கும் தெரிந்தவர்களைப் பார்க்கவும் போயிருப்போம்.

அந்த வியாபார மூட்டைதான் தப்பிக்கும் வழியானது. சரக்கு வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே நொக்ஸும் அவனுடைய கூட்டாளி ஸ்டீவன் ரட்லண்டும் வடக்கே வடக்கே நகர்ந்து, 1679 செப்டெம்பரில் எலடத்தவை விட்டுக் கிளம்பி, அநுராதபுரம் வரைக்கும் போய்விட்டார்கள். அங்கிருந்து அவர்களுக்கு வழிகாட்டியது மனிதர் யாரும் இல்லை, ஒரு ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா, தமிழில் அருவியாறு. ஆற்றோரக் காட்டுக்குள் யானைக்கும் ஆளுக்கும் மறைந்து மறைந்து அதைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். இடையில் சிங்களம் பேசுகிற ஊர் முடிந்து தமிழ் பேசுகிற வன்னியர் நாடு தொடங்கியது. அக்டோபர் 18, சனிக்கிழமை பின்னேரம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குள் நுழைந்தார்கள். லண்டனுக்குப் போய் 1681 இல் அவர் வெளியிட்ட புத்தகம்தான் கண்டி ராச்சியத்தின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி இன்றுவரை எல்லோரும் புரட்டுகிற புத்தகம். ராபின்சன் குரூசோவை எழுதின டேனியல் டீஃபோவும் அதை வாசித்தவர்தான்.

இப்போது அந்த ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு வருவோம். அரிப்புக்குப் போனால் முதல் வேலையாக அருவியாற்று முகத்துவாரத்துக்குப் போங்கள். காலையிலேயே போங்கள், பத்து மணிக்குப் பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும். ஆறு பெரிதாக ஒன்றும் ஓடாது, மழை இல்லாத மாதங்களில் சோம்பேறித்தனமாகக் கிடக்கும். படகுகளும் வலைகளும் இருக்கும். நின்று கிழக்கே திரும்பிப் பாருங்கள். அந்தத் தண்ணீர் வருகிற திசையில்தான் அநுராதபுரம், அதற்கப்பால் தம்புள்ளை, மாத்தளை, நம்ம ஊர். நாங்க பஸ்ஸில் மதவாச்சி வழியாக வந்து முருங்கனில் திரும்பி இறங்கினோம், ஒரு பகல்கூட ஆகவில்லை. நொக்ஸுக்குப் பல கிழமை.

ஊருக்குள் அந்தக் கோட்டை இன்னும் இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டியது, பிறகு ஒல்லாந்தர் கைக்கு வந்தது. யாழ்ப்பாணக் கோட்டையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சின்னச் சதுரம், மூலையில் கொத்தளம், உள்ளே புல். அஞ்சு நிமிசத்தில் சுற்றி வந்துவிடலாம். எங்க கூட்டத்தில் ஒருத்தன், "இதுக்குள்ள வந்து சேரத்தானா அந்தாளு அவ்வளவு பாடுபட்டான்?" என்று கேட்டான். அவனைத் தப்புச் சொல்ல முடியாது.

எல்லோரும் படம் எடுக்கிற இடம் இன்னொன்று. கடலோரச் செம்மண் மேட்டின் விளிம்பில் நிற்கிற டோரிக். பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 இல் தொடங்கி 1804 வாக்கில் கட்டி முடித்த மாளிகை. பழைய கிரேக்கக் கோவில் தூண்களின் பாணியில், செங்கல்லை அடுக்கி மேலே சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டியிருக்கிறார்கள். சிப்பியைச் சுட்டுச் செய்த சுண்ணாம்பு. ஆளுநர் ஏன் இந்த அத்துவானத்தில் வீடு கட்டினார்? முன்னால் இருக்கிற கடலுக்கு அடியில் முத்துச் சிப்பி கிடந்தது. முத்துக் குளிக்கிற பருவத்தில் மேற்பார்வை பார்க்க வந்து தங்குவதற்கான வீடு. இப்போது கூரை இல்லை, தரை இல்லை, கடல் வருடம் வருடம் மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. கட்டடத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே கீழே விழுந்துவிட்டது. இந்த ஊருக்கு அரிப்பு என்ற பெயர் வேறு. செல்ஃபிக்காகச் சுவரில் ஏறாதீர்கள். கட்டடத்தின் மீது இரக்கப்பட்டுச் சொல்லவில்லை, மேடு உண்மையிலேயே உதிர்கிறது.

ஊர்ப் பேச்சில் அல்லிராணிக் கோட்டை என்று ஒன்று வரும். சிலர் டோரிக்கைக் காட்டிச் சொல்வார்கள், சிலர் பழைய கோட்டையைக் காட்டிச் சொல்வார்கள். அல்லி அரசாணி மாலையில் ஆண்களை அண்டவிடாமல் ஆட்சி செய்தாளே, அந்த அல்லி. கதையில் அவளுக்கு ஊர் மதுரை. அவளை இந்தக் கரைக்குக் குடியேற்றியது யார் என்று தேடிப் போவதைவிட, ஒரு வெள்ளைக்கார ஆளுநரின் வீட்டைச் சனம் அவர் பெயரால் சொல்ல மறுத்துவிட்டு ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

முத்துக் குளிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், இந்தக் கட்டுரையின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. பருவம் மாசி, பங்குனி, சித்திரை. அந்த மாதங்களில் கடலும் காற்றும் அடங்கியிருக்கும். அதுவும் எல்லா வருடமும் நடக்காது. கடலடியில் சிப்பி விளையும் திட்டுக்குப் பார் என்று பெயர். சிப்பி முற்றினதா என்று பார்த்துத்தான் குளிப்பை அறிவிப்பார்கள். அறிவித்துவிட்டால் வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், மன்னார்க்காரர், பாரசீகக் குடாவில் இருந்து அரபிகள், செட்டிமார், இரத்தின வியாபாரிகள், சாப்பாட்டுக் கடைக்காரர், களவெடுக்க வந்தவர்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டிகளும் இருந்தார்கள். அவர் கரையில் நின்று மந்திரம் சொல்லாவிட்டால் குளியாளிகள் இறங்க மாட்டார்கள். அதனால் அவருக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

குளியாளி ஒரு கல்லில் காலை வைத்துக் கயிற்றோடு கீழே போவார். ஒரு நிமிசம், கொஞ்சம் கூட. கைக்கு அகப்பட்டதைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும். பின்னேரம் தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பி முழுவதையும் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் கொண்டுபோய்க் கொட்டி எண்ண வேண்டும். (நம்ம கொத்துரொட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.) குளியாளி தன் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று அவருக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ராத்திரி ஏலம் போடுவார்கள். பிறகு சிப்பி அழுகி நாறும்வரை விட்டுக் கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றம் கடலில் பல மைல் தூரத்துக்கு அடித்தது என்று எழுதாத ஐரோப்பியப் பயணி கிடையாது.

1905 இல், அரிப்புக்குத் தெற்கே மரிச்சுக்கட்டி முகாமில், ஒரே பருவத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்குச் சேர்ந்தது 25 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 25 லட்சம். அடுத்த வருடக் குளிப்பில் கொட்டு மேற்பார்வைக்கு வந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லியனார்ட் வுல்ஃப். பிற்காலத்தில் எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃபைக் கட்டியவர். மரிச்சுக்கட்டிக்கு அடுத்த வருடம், 1907 இல், அவரை மாற்றிய இடம் கண்டிக் கச்சேரி. 1906 இல் பார்களை லண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், கொஞ்ச வருடத்தில் அது முழுகிப்போனது. இன்றைக்கு முத்தும் இல்லை, முகாமும் இல்லை.

கவனித்தீர்களா? கரையில் ஆட்களை நிறுத்தி, அடைப்புக் கட்டி, 8 கோடி சிப்பியை எண்ணியிருக்கிறார்கள். இதே மன்னார்க் கரையில் பல பத்து வருடமாக இன்னொன்றும் தோணி தோணியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது நாங்க.

கண்டி ராச்சியம் 1815 இல் விழுந்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் நம்ம ஊரைச் சுற்றிக் கோப்பி நட ஆரம்பித்துவிட்டார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட், பேராதனைக்கு எதிர்க்கரையில் கன்னொறுவவில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே சொந்தமாக. ஆளுநரே தோட்டமுதலாளியானால் கோப்பிக்குச் சலுகை கிடைப்பது ஆச்சரியமா? கூலிக்குக் கண்டிச் சிங்கள விவசாயிகள் வரவில்லை. அவர்களுக்கு வயல் இருந்தது, அதைவிட்டு இன்னொருத்தன் தோட்டத்தில் முறி படுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அதனால் ஆள் தேடி அக்கரைக்குப் போனார்கள். புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம். வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிச் சனம். மழை பொய்த்த வருடங்களில் கூட்டம் கூடும். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் என்று அந்தக் கரையில் ஏறி, தலைமன்னாரில் இருந்து அரிப்பு வரைக்குமான இந்தக் கரையில் தோணி ஒதுங்கின இடத்தில் இறங்கினார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில், "கண்டிக்குப் போறோம்." தீவின் மலைநாடு மொத்தமும் அவர்களுக்குக் கண்டிச் சீமைதான்.

இறங்கின இடத்தில் இருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல். நடை. முன்னால் கங்காணி, பின்னால் சட்டியும் அரிசி மூட்டையுமாகக் கூட்டம். நொக்ஸ் கடலுக்கு இறங்கின அதே வன்னிக் காட்டையும் அதே அநுராதபுரச் சீமையையும் இவர்கள் எதிர்த்திசையில் கடந்து மலைக்கு ஏறினார்கள். அவருக்கு அது விடுதலைக்கான வழி. குளிக்கக் கிணறு இல்லை, குடித்த குளத்துத் தண்ணியில் வாந்திபேதி. விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு நடக்க யாருக்கும் தெம்பில்லை. 1840களில் மட்டும் 70,000 பேர் செத்திருப்பார்கள் என்று கொழும்பு ஒப்சர்வர் பத்திரிகை 1849 இல் எழுதியது. அந்தத் தொகை கூடுதலா குறைவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடத்தான் வேண்டும், ஏனென்றால் சிப்பிக்கு இருந்த கொட்டு மனிதருக்கு இருக்கவில்லை. வந்தவர் இத்தனை, திரும்பினவர் இத்தனை என்று வருடாந்தத் தொகைகளை அரசாங்கம் எழுதிவைத்தது உண்மை. தலையை எண்ணினார்கள். இன்னாருடைய மகன் இன்னார், இந்த ஊர், இந்தத் தேதியில் இறங்கினார் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

1863 இல் பரிஸில் ஒரு ஓபரா மேடையேறியது. பிஸே என்ற பிரெஞ்சு இசைக்காரரின் 'முத்துக் குளிப்போர்'. கதை நடக்கிற இடம் இலங்கைக் கரை. பிஸே இந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. கோப்பி உச்சத்தில் இருந்த காலம் அது. அதே கரையில் நம்ம ஆட்கள் ஈரத்துணியோடு இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் பாட்டெழுதத் தோன்றவில்லை என்று பொறாமைப்பட்டுச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமைதான்.

பெயர் எழுதாமல் விட்டது பழைய விஷயம்தானே என்று நினைக்கலாம். 1948 இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது மலையகத் தமிழரிடம் கேட்டது என்ன? உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவன் என்று காட்டு. இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. தோணியில் வந்து காட்டுவழியே நடந்தவர்களின் பிள்ளைகள், லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்தவர்கள், எந்தக் கடதாசியைக் காட்டுவார்கள்? ஏழு லட்சத்துக்கு மேல் சனம் நாடற்றவர்களானார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வர 2003 ஆயிற்று. அரிப்புக் கரையில் நிற்கும்போது நான் நினைத்தது இதைத்தான்: இந்த மணலில் ஒரு கிளாக்கரும் ஒரு கொப்பியும் இருந்திருந்தால்.

இப்படிச் சொல்லும்போதே ஒரு சங்கடமும் வருகிறது. நாங்க எங்க கதையைத் தேடி இன்னொருத்தர் ஊருக்குப் போயிருக்கிறோம். அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் தங்களுடைய கதை நிறைய இருக்கிறது. முசலிப் பகுதியின் முஸ்லிம் கிராமங்கள் 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களோடு சேர்த்துப் புலிகளால் வெளியேற்றப்பட்டன. பலர் ஊர் திரும்பியது 2009 க்குப் பிறகு. பகல் சாப்பாட்டுக்கு நுழைந்த கடையில், கண்டி என்றதும் முதலாளி சிரித்துக்கொண்டு, "அங்க நல்ல குளிரா?" என்று கேட்டார். பிறகு தான் புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்ததைச் சொன்னார். சொந்த ஊருக்கே திரும்பி வந்து, நீ இந்த ஊர்தான் என்பதற்குக் கடதாசி தேடி அலைந்ததையும் சொன்னார். மீன் குழம்பு ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். அரிப்பில் என்ன செய்யிறது என்று கேட்டவளிடம் இதையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன்: கடைக்காரரோடு பேசு. படகுக்காரர்களைக் கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதே.

நேரம் இருந்தால் அப்படியே மன்னார்த் தீவுக்கு ஏறித் தலைமன்னாரையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் கதையின் இரண்டாவது பாதி அங்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரம், கொள்ளைநோய்ப் பயத்தில் இந்த நடைவழியை மூடினார்கள். தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1914 இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் மண்டபம் கேம்ப், கப்பல், கோச்சி என்று வழி மாறியது. எங்க பூட்டி அப்படி வந்தவங்கதான், நடக்கவில்லை. மண்டபத்தில் தடுப்பூசி போட்ட தழும்பைக் காட்டுவாங்களாம்.

வந்த வழியாலேயே திருப்பி அனுப்பினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை. அந்த டிசெம்பரிலேயே புயல் வந்து தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. தோட்டங்களில் இருந்து சனத்தை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. எங்க அப்பாயி கண்டி ஸ்டேசனில் நின்று தன் அக்காவை அதில் ஏற்றிவிட்டவங்க. "கோச்சி அசைஞ்சதும் பிளாட்போம்ல உள்ளவங்களும் அழுவுறாங்க, உள்ள இருக்கிறவங்களும் அழுவுறாங்க, எது யாரு சத்தம்னே தெரியல" என்று அப்பாயி சொல்வாங்க. அக்காவுக்குக் கூடலூரில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவங்களுக்குப் பெயர் கண்டிக்காரங்க. இங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரங்க.

1984 இல் யுத்தத்தோடு கப்பல் நின்றது. தலைமன்னார்ப் பாதையில் கோச்சி மறுபடி ஓட 2015 ஆனது. இறங்குதுறையின் பழைய மரத்தூண்கள் கடலுக்குள் நிற்கின்றன, மேலே காகமும் கடற்பறவையும். அங்கேதான், 2023 ஜூலை 28 அன்று, மலையகத் தமிழர் வந்த 200 ஆவது வருடத்தை வைத்து ஒரு நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கியது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று பெயர். ஆகஸ்ட் 12 இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் சிங்கள ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் தண்ணியும் சாப்பாடும் கொடுத்தார்கள் என்று நடந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்போது பரீட்சை. மாத்தளையில் கடைசி நாள் மட்டும் போய்ச் சேர்ந்துகொண்டேன், அதற்கே செருப்புக் கடித்துவிட்டது.

நாங்க திரும்பியது பஸ்ஸில். முருங்கனுக்குக் கிட்டக் கட்டுக்கரைக் குளம் இருட்டுக்குள் பளபளத்தது. மதவாச்சியில் தேத்தண்ணி. தம்புள்ளை தாண்டியதும் எல்லோரும் தூக்கம். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோவில் கோபுரத்து லைட்டைப் பார்த்து நான் மட்டும் விழித்தேன். காட்டைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் முதலில் கும்பிட்டது இந்த ஊர் மாரியம்மனைத்தான் என்பது வழிவழியாகச் சொல்கிற கதை. பஸ் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாயி கேட்டது ஒன்றுதான்: "இறங்குதுறைல நின்னா அந்தப் பக்கம் தெரியுதா?"

இல்லை அப்பாயி, போன்தான் இந்தியாவுக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் காட்டுச்சு என்றேன். அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. பிறகு மரத்தூண் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, கூடலூரில் இருக்கிற பேரனின் நம்பருக்கு அதை அனுப்பச் சொன்னாங்க. அக்காவுக்குக் கண் இப்போது சரியாகத் தெரியாதாம், பேரன் பார்த்துச் சொல்லுவானாம்.